பைன் மரத் தணலும் யோகனும்

"படுங்கோடா! எல்லாரும் படுங்கோ!"

யோகன் கத்துகிறான். மரக்காலையின் ஈரத் தரையில் விழுகிறோம். வானத்தில் ஓர் உறுமல். பிறகு "டும்". சற்றுப் பொறுத்து, தகரத்தில் கல்லை வாரி எறிந்ததுபோல் சடசடவென்று சத்தம். தாக்க வந்ததை வானத்திலேயே சுட்டு உடைத்த ட்ரோனின் துண்டுகள். கூரையில் பாதி போகிறது. ஒரு துண்டு கேம்ப் டிரான்ஸ்ஃபார்மரில் விழுகிறது. நீல வெளிச்சம். பிறகு இருட்டு.

செவ்வாய்க்கிழமை. மாலை. காலையிலிருந்து மழை. ஜெபல் அலித் துறைமுகத்திலிருந்து உள்ளே தள்ளி, பாலைவனத்தில் மரம் அரிகிற இடம். எங்கள் தொழிலாளர் கேம்பும் அங்கேயே.

வளைகுடாவில் குளிரா என்று கேட்பவர்கள் ஜனவரியில் நனைந்த உடுப்போடு ஒரு போர்ட்டா கேபினில் படுத்துப் பார்க்கட்டும். அது இரும்புப் பெட்டி. யோகனுக்கு ஏற்கெனவே நெஞ்சுச்சளி. காய்ச்சல். பல் கிட்டி நடுங்கினான். ஆஸ்பத்திரிக்கு வண்டி கேட்டோம்.

"ரோட் பந்த். காடி மாஃபி," என்றான் கேம்ப் பாஸ். ரோடு மூடியாச்சு, வண்டி இல்லை என்று சொன்னவன், முழுக்க மூடும் முன்னமே போய்விடவேண்டும் என்று தன் காரில் ஏறி நகரத்துக்குப் போனான்.

விடியும்வரை யோகனைச் சூடாக வைத்திருக்க வேண்டும். எங்களிடம் இருந்தது விறகு மட்டும். அரிந்து கழித்த பைன் துண்டுகள், குவியல் குவியலாக. பாதியாய் அறுத்த எண்ணெய்ப் பீப்பாவில் போட்டு மூட்டினோம். ரம்பம் ஓட்டுகிற பஷீர் பாய் ராமநாதபுரத்துக்காரர். வெளியில் வைக்கலாம் என்றார். யோகன் விடவில்லை.

"வெளியில மூட்டினா மேல தெரியும், பாய். உள்ளுக்க வையுங்கோ."

அவனும் நானும் வன்னி. விமானத்துக்குப் பயந்து விளக்கை மறைத்து வளர்ந்தவர்கள். ஜன்னலில் போர்வை கட்டினோம். கதவு இடுக்கில் சாக்கு அடைத்தோம்.

"கிபிர் விமானத்துக்கே ஒளிச்ச ஆக்கள் நாங்கள். இது என்ன, பறக்கிற மோட்டார் சைக்கிள்!" என்றான் யோகன்.

"அந்தச் சண்டையில நீங்க என்ன தம்பி, ஆபீஸரா?"

"ஓடின ஆள், பாய். ஓடினவனுக்குத்தான் எல்லாம் தெரியும்."

சிரித்தோம். வன்னிப் பதுங்குகுழி மண்ணும் பனங்குற்றியும். காற்று வந்து போகும். இந்தக் கேபின் கதவைச் சுற்றி ரப்பர், காற்றுப் போக வழியில்லை. அது எங்கள் யோசனையில் வரவில்லை.

புகை அடங்கியது. தணல் மட்டும். நல்லது என்று நினைத்தோம். யோகனின் நடுக்கம் நின்றது. பீப்பாவை ஒட்டிப் படுத்துத் தூங்கினான்.

பிறகு என் தலைக்குள் இடி. கால் என்னுடையதாக இல்லை.

"கதவத் தொறங்கப்பா! தொறங்க!"

பஷீர் பாயின் குரல். யாராலும் நேராக நிற்க முடியவில்லை. பாய் தள்ளாடிப் போய்க் கதவில் முகம் மோத விழுகிறார். கதவு திறக்கிறது. குளிர் காற்று. தவழ்ந்து, யோகனை மணலுக்கு இழுக்கிறோம். பாய் அவன் நெஞ்சை அமுக்குகிறார். வாயில் ஊதுகிறார். மேலே இன்னொரு "டும்".

"ஏந்திரி தம்பி! ஏந்திரி!"

அவன் எழவில்லை.

மறுநாள் ஆபீஸிலிருந்து வந்தார்கள். அறைக்குள் நெருப்பு மூட்டியது சட்டமீறல் என்றார்கள். தணலின் நச்சு வாயுவில் செத்தது விபத்தாம். தாக்குதலில் இறந்தவர்களில் இவன் சேர்த்தி இல்லையாம்.

கரண்டை அறுத்தது எது? ரோட்டை மூடியது எது? வெளிச்சத்தை மறைக்க எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எது? முகத்துக்கு நேரே கேட்டேன். காகிதத்தை மடித்துக்கொண்டு போனார்கள்.

அன்று மாலையும் கரண்ட் வரவில்லை. பீப்பாவை வெட்டவெளிக்கு உருட்டினோம். பைன் துண்டுகளை நிரப்பினோம். நெருப்பு ஆளுயரத்துக்கு எழுந்தது. காலையில் ஆபீஸ்காரரோடு திரும்பியிருந்த கேம்ப் பாஸ் ஓடி வந்தான்.

"ஆக் பந்த் கரோ! ஊப்பர் தேக்கேகா!"

நெருப்பை அணைக்க வேண்டுமாம். மேலே இருப்பவன் பார்ப்பானாம்.

"பாக்கட்டும். நீ வந்து அணைச்சுப் பார்."

அவன் கிட்ட வரவில்லை. சைரன் ஊதியது. நாங்கள் நெருப்பைச் சுற்றி நின்றோம். ஒருவரும் படுக்கவில்லை.

எங்கள் கேம்ப் இழந்தது: மரக்காலைக் கூரையில் பாதி. டிரான்ஸ்ஃபார்மர். கதவில் உடைந்த பஷீர் பாயின் பல். ஓர் ஆள். பெயர் யோகன். ஊர் முல்லைத்தீவு. போரில் செத்தவன்.