மணிக்கட்டில் எடுத்த ரத்தம்

மெர்லிமாவ் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையிலிருந்த ஓர் அம்மா பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்:

"ஆஸ்பத்திரியில எங்க வீட்டுக்காரருக்கு மூச்சை அளக்க மணிக்கட்டுல குத்தி ரத்தம் எடுக்கிறாங்க."

"மூச்சு ரத்தத்துலயா இருக்கு அக்கா?"

"வார்டு நர்ஸ் மிஸ்ஸி அப்படித்தான் சொன்னாங்க. மாஸ்க்ல கொடுக்கிற காத்து நிறைய, ரத்தத்துல சேர்றது கொஞ்சமாம். அது ஏறினாத்தான் வீட்டுக்கு விடுவாங்க."

"ஏறுதா?"

"காலையில ஏறுது. நான் போனதும் மாஸ்க்கைக் கழட்டிட்டுப் பேசறார். இறங்கிடுது."

"திட்ட வேண்டியதுதானே!"

"எப்படித் திட்டுறது? வீட்டுல வாயே திறக்காத மனுஷன். இப்பத்தான் பேசறார்."

மடியிலிருந்த பையை இழுத்து வைத்துக்கொண்டு அந்த அம்மாவே தொடர்ந்தார்:

"நாளைக்குக் கதவுக்கு வெளியிலயே நின்னு பார்த்துட்டு வந்துடறேன். வீட்டுக்கு வந்து பேசட்டும்."

"வந்தா பேசுவாரா அக்கா?"

"பேசாட்டியும் பரவாயில்ல. வந்தாப் போதும்."