எழுதியவர் வாய் திறக்கக் கூடாது

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, மருத்துவமனையின் சார்பில் வந்திருக்கும் தலைமைச் செவிலியர் அவர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி இருக்கும் எங்கள் அத்தான் அவர்களே, கணினிக்கு நிரல் எழுதுவதும் அதோடு மல்லுக்கட்டுவதுமே பிழைப்பாகக் கொண்ட என் தோழர்களே, கனத்த மனத்தோடு உங்கள் எல்லாரையும் வணங்குகிறேன்.

‘தரப்பிரிவின் தலைவர், தர மாதிரியை வகுத்த மூத்த பொறியாளர்’ என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று ஒரு கணம் எனக்கே புரியவில்லை! நமக்கு அவர் கட்டம் அக்கா. அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால்தான் திரும்பிப் பார்ப்பார். இன்று எத்தனை முறை அழைத்தாலும் திரும்ப மாட்டார் என்பதை எப்படி நம்புவது?

இந்தப் பெரிய கட்டடத்தில் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பழைய அலுவலகம் தெரியாது. மரச்சாமான் கடைக்கு மேல் இரண்டே அறை. கீழே இழைப்புளி ஓட, மேலே எங்கள் விசைப்பலகை ஓடும். தும்மினால் மரத்தூள் வரும். எழுத ஒரு பலகைகூடக் கிடையாது. அக்கா ஜன்னல் கண்ணாடியில் பேனாவால் கட்டங்கள் போட்டார். நம்பலாமா? படித்தால் புரிகிறதா? சோதித்துப் பார்க்க முடிகிறதா? ஓரிடத்தைத் திருத்தினால் வேறிடம் உடையாமல் இருக்கிறதா? இப்படிக் கட்டத்துக்கு ஒரு கேள்வி. கீழே பேருந்துக்கு நிற்பவர்கள் அண்ணாந்து பார்த்து, இடம் வலம் மாறித் தெரியும் அதைப் படிக்க முயல்வார்கள். ஆஹா, அந்த ஜன்னல் வெயிலை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

அந்தக் கட்டங்களிலிருந்துதான் நம் தர மாதிரி பிறந்தது. நிரலை உள்ளே கொடுத்தால் அது நீளத்தை அளக்கும், சிக்கலை அளக்கும், ஒரே வரிகள் பல இடத்தில் வருகின்றனவா என்று பார்க்கும், கடைசியில் ஆங்கில ‘ஏ’ முதல் ‘ஈ’ வரை ஒரு கிரேடு தரும். அத்தானின் தையற்கடைக்குப் போனாலும் அக்காவுக்கு அதே புத்திதான். தைத்த சட்டையை உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பாராம். “வெளிய போட்டுக்கறவங்களுக்கு அழகு, உள்ள பிரிச்சுத் தைக்கறவங்களுக்கு நியாயம்” என்பாராம். அத்தான் சிரிக்கிறார், பாருங்கள். வீட்டிலும் கிரேடு வாங்கிய மனிதர் அவர்!

அப்புறம் என்ன நடந்தது? நம் இயக்குநர் மாதிரியைப் பார்த்து மகிழ்ந்துபோய், வரவேற்பறையில் பெரிய திரை வைத்து எல்லாக் குழுவின் கிரேடையும் ஓடவிட்டார். அவ்வளவுதான்! கண்மூடித் திறப்பதற்குள் எல்லாருக்கும் ‘ஏ’. நிரலின் நடுவே விளக்கக் குறிப்பாகக் கமென்ட் எழுதினால் மதிப்பெண் என்று தெரிந்ததும், ஒன்றைக் கூட்டும் வரிக்கு மேலே ‘இங்கே ஒன்றைக் கூட்டுகிறோம்’ என்று கமென்ட் எழுதினார்கள். ஒரு வேலையை முழுதாகச் செய்யும் நீளமான நிரல் துண்டை, அதாவது ஃபங்ஷனை, வாழைக்காய் போல நறுக்கி ‘படி ஒன்று’, ‘படி இரண்டு’ என்று பெயர் வைத்தார்கள். அதில் முதல் ஆள், அவசரத்தைப் பார்த்து நாம் ‘வேகம்’ என்று பெயர் வைத்த தம்பி. ஏன் தம்பி, தலையைக் குனிகிறீர்கள்? அக்கா உங்களைத் திட்டவே இல்லையே!

திட்டவில்லை. நேரே போய்த் திரையின் பிளக்கைப் பிடுங்கினார். இயக்குநர் ஓடி வந்தார்.

“என்னம்மா, எல்லாரும் ‘ஏ’ வாங்குற நேரத்துல அணைச்சுட்டீங்க?”

“எடை மெஷின்ல ஒத்தக் கால்ல நின்னா எடை குறைஞ்சிடுமா சார்? மெஷின் எங்க பாக்கணும்னு சொல்லும். பாக்க வேண்டியது நாமதான்.”

அந்த வார வெள்ளிக்கிழமை பிற்பகலில்தான் மிட்டாய் நாற்காலி வந்தது. நிரலை எழுதாத ஒருவர் எழுந்து அதை வரிவரியாகப் படித்து விளக்க வேண்டும். எழுதியவர் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். வாய் திறக்கக் கூடாது. திறக்காமல் இருக்க, கடித்தால் பல்லோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு பால் மிட்டாயை அக்காவே வாயில் போடுவார். படிப்பவர் திணறினால் குற்றம் படிப்பவர் மேல் இல்லை, நிரல் மேல்தான். எத்தனை பேர் அங்கே கன்னம் உப்ப, கண்ணாலேயே கெஞ்சியிருக்கிறோம்! ஒருநாள் நான் தாங்க முடியாமல் கேட்டேன்.

“அக்கா, எழுதினவங்க பக்கத்துலயே இருக்காங்க. ஒரு வார்த்தை கேட்டுட்டா என்ன குறைஞ்சு போச்சு?”

“நாளைக்கு இவங்க வரலைன்னா?”

அவ்வளவுதான் அவர் பதில். வேலையை விட்டுப் போவதைச் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

அன்பர்களே, அக்கா இல்லாத முதல் வாரத்திலேயே அந்தக் கேள்வி நம் வாசலில் வந்து நின்றது. நோயாளிக்கு மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைக் கவனிக்கும் நிரல் முழுக்க அக்கா எழுதியது. மருத்துவமனை மருந்து இறக்கும் புதிய பம்பு வாங்கியிருக்கிறது, நிரலை அதற்கேற்பத் திருத்த வேண்டும். யாருக்கும் தொடத் துணிவில்லை. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று பேச்சு எழுந்தது. அவர் ஆயுள் உழைப்பைத் தூக்கிப் போடுவதா? புரியாமல் கைவைத்து ஒரு நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

போன வெள்ளிக்கிழமை கூடினோம். நாற்காலியைப் போட்டோம். அதன்மேல் ஒரு மிட்டாயை வைத்தோம். வேகம் எழுந்து படித்தார். தெளிந்த நிரல்! படிக்கப் படிக்க அக்காவே பேசுவது போல இருந்தது. பாதி தாண்டியதும் நின்றார். மருந்து இறங்குவது தடைபட்டு அலாரம் அடிப்பதற்கு முன் ஓரிடத்தில் நிரல் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறது. அந்த ஃபங்ஷனின் பெயர் ‘காத்திரு’. எதற்குக் காத்திருக்க வேண்டும்? கமென்ட் இல்லை. எங்கள் எல்லார் கண்ணும் தானாக அந்த நாற்காலிக்குப் போயிற்று. ஐயோ, அப்போதுதான் தோழர்களே, அவர் போய்விட்டார் என்பது எனக்கு உறைத்தது. நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எல்லாரும் அழுதோம்.

வேகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “படிக்கறவன் மேல குத்தம் இல்ல. அக்கா இங்க கோட்டை விட்டுட்டாங்க.”

சிரித்துவிட்டோம்! அக்காவின் விதிப்படி அக்காவே மாட்டிக்கொண்டார்! பிறகு அவருடைய இன்னொரு கட்டத்தைப் பிடித்தோம்: சோதித்துப் பார்க்க முடிகிறதா? அவர் எழுதி வைத்திருந்த சோதனைகளை ஒவ்வொன்றாக ஓட்டினோம். காத்திருப்பதை எடுத்துவிட்டு ஓட்டியபோது ஒன்றே ஒன்று தோற்றது. அதன் பெயர், ‘நோயாளி தூக்கத்தில் கையை மடக்கினால் அலாரம் அடிக்காது’. குழாய் மடங்கிச் சில நொடியில் தானே சரியாகிவிடும். அதற்காக ஒரு வார்டையே எழுப்பக் கூடாது என்று அக்கா நினைத்திருக்கிறார். முகம் தெரியாத நோயாளியின் தூக்கத்துக்கும் கவலைப்பட்ட நெஞ்சம் அது!

அந்த ஃபங்ஷனின் பெயரை ‘கை மடங்கியதா எனக் காத்திரு’ என்று மாற்றினோம். புதிய பம்புக்கு ஏற்றபடி மிச்சத்தையும் திருத்திவிட்டோம். தூக்கிப் போடவில்லை. செவிலியர் அம்மா, நேற்று முதல் அது உங்கள் வார்டில் ஓடுகிறது. அத்தான், அவர் தைத்ததைப் பிரித்து, திரும்பத் தைத்துவிட்டோம். உள்பக்கமும் பார்த்துக்கொள்ளலாம்.

இயக்குநர் அவர்களே, இந்த மேடையிலேயே சொல்கிறேன். கிரேடு என்ன வந்தாலும் வெள்ளிக்கிழமை நாற்காலி இருக்கும். மிட்டாய் செலவு எங்களுடையது. இது நாங்கள் எல்லாரும் சேர்ந்து கொடுக்கும் வாக்கு.

நாளைக்கு இவங்க வரலைன்னா என்று கேட்டீர்களே, அக்கா! நீங்கள் வரவில்லை. நீங்கள் எழுதியது எங்களுக்குப் புரிகிறது.