பசீர் பாய் அடித்த மஞ்சள்

பசீர் பாயின் இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும், பழைய கார் உரிமையாளர் சங்கத் தலைவர் அய்யாசாமி அவர்களே, வேலை நேரத்தில் ஷட்டரை இறக்கிவிட்டு வந்திருக்கும் பட்டறை நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பசீர் அகமதுவின் துணைவியார் காத்தூன் பீவி அவர்களே, மகன் ஷாபாஸ், எல்லோருக்கும் அர்த்தநாரியின் வணக்கம்.

பசீர் பாயோடு சேர்ந்து நெருப்பெரிச்சல் பட்டறையில் பழைய கார்களைப் புதுப்பித்தவன் நான். எனக்கு முன் பேசியவர்கள் அவர் கோபமே படாதவர் என்றார்கள். யாரைச் சொன்னார்கள்? எங்கள் பாய் ஸ்பேனரைத் தூக்கி எறிந்த ஆள். போனவரின் குறைகளுக்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்க எனக்குத் தெம்பில்லை. அவருக்கும் அது பிடிக்காது.

பாய் முதலில் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் பனியன் விற்றவர். நம் ஊரில் அந்தச் சரக்கு வெளியே போகும்போது கழுத்து லேபிளில் ஒரு வெட்டு விழும். முதல் தரம் என்று யாரும் ஏமாறக்கூடாது அல்லவா? அந்த வழக்கத்தைக் காருக்கும் கொண்டுவந்தார். காரோடு பிறக்காத பாகம் எதுவானாலும் உள்பக்கம் மஞ்சள் அடிப்பார். வெளியே பளபளப்பு குறையாது. பானெட்டைத் தூக்கினால் உண்மை தெரியும்.

எத்தனை பேர் சண்டைக்கு வந்தார்கள்? புரோக்கர் சசிகுமார் ஒருமுறை கேட்டார்.

"ஏனுங்க பாய், ஒரிஜினல்னு சொன்னா யாருங்க கண்டுபுடிக்கப் போறாங்க?"

"யாரும் கண்டுபுடிக்க மாட்டாங்க. அதனாலதானுங்க அடிக்கறேன்."

வண்டியை வாங்கிப்போய் அந்த மஞ்சளின் மேல் கறுப்பு அடித்து விற்றவர்கள் உண்டு. இங்கேயும் சிலர் இருக்கலாம். பாய்க்குத் தெரியும். "விடுங்க அர்த்தநாரி, நாம வச்ச அடையாளத்த நாம அழிக்கலீங்களே" என்பார். அலுத்துப்போய்த்தான் சொல்வார். அடுத்த காருக்கும் மஞ்சள் டப்பாவைத் திறப்பார்.

நண்பர்களே, அவருடைய கடைசிக் கார், நீலநிற அம்பாசிடர், பட்டறையில் நிற்கிறது. மஞ்சள் அடிக்குமுன் பாய் போய்விட்டார். அது முழு ஒரிஜினல் என்று சசிகுமார் விலை பேசிவிட்டார். அந்தக் கார் விற்றால்தான் பட்டறை தொடர்ந்து நடக்கும். ஷாபாஸ் என்னிடம் கேட்டான்: "மாமா, இந்த ஒரு வண்டிய மட்டும் அப்படியே உட்ரலாமுங்களா?"

அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. எனக்கும் அந்த ஆசை இருந்தது. இனியும் எத்தனை பேரோடு மல்லுக்கட்டுவது?

காத்தூன் பீவியிடம் கேட்டேன். "ஊட்டுக்குள்ளார பேசுனா மனசு மாறிப்போயிருங்ணா. கூட்டத்துல மைக்கு முன்னால உண்மையச் சொல்லிப்போடுங்க" என்றார்.

சொல்கிறேன். வேலம்பாளையத்திலிருந்து வந்திருக்கும் தங்கதுரை அவர்களே, நீங்கள் பேசி வைத்திருக்கும் அம்பாசிடரின் எஞ்சின் அந்தக் காருடையது அல்ல. இடப்பக்கக் கதவுகளும் வேறு வண்டியில் இருந்து வந்தவை. கார் நன்றாக ஓடும். அதை மட்டுமே எங்களால் சொல்ல முடியும். வேண்டாம் என்றால் உங்கள் மேல் வருத்தம் இல்லை.

பட்டறையை நாளை திறக்கிறோம். எத்தனை நாள் நடக்கும் என்று தெரியாது. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும், காலையில் முதல் வேலையாக அந்த எஞ்சினுக்கு ஷாபாஸும் நானும் மஞ்சள் அடிப்போம்.