கயுத்து திரும்பாது

அத்த வுடு நைனா, நான் இன்னாத்துக்கு தண்டவாளத்த அந்தாண்டயும் இந்தாண்டயும் தாண்டிகினே கீறேன்னு அப்பால சொல்றேன். ஒம்போது தபான்னு எண்ணிகினு கீற பாரு, அது கரீட்டு தான். இப்ப நீ இந்த அடுக்கி வெச்ச கட்ட மேல குந்து. காலீல வந்த ரயில்வேக்காரன் நீ, டேப்ப இழுத்துகினு அந்த முனிக்கும் இந்த முனிக்கும் நடந்துகினே கீற, மூஞ்சி வெய்யில்ல கன்னிப் பூட்ச்சி. பாத்து, கூடையாண்ட கால நீட்டாத. கெளுத்தி கீது, முள்ளு ஏறிச்சின்னா ஒரு வாரத்துக்கு வீங்கிக்கும்.

நானா? மங்கை. திருவொத்தியூரு குப்பம். பொறந்தது முகத்துவாரக்குப்பம், இங்க வாக்கப்பட்டு வந்து இருவது வருசம் ஆவுது. கட்டுமரம் கரைக்கு வந்தவொடனே மீன எடுத்துகினு இந்த லைன தாண்டி மணலிக்கு போவோம். சில நாளு மாதவரம் வரிக்கும் கூட நட தான்.

வேலி போடப் போறீங்கன்னு சொல்லிகிறாங்களே, மெய்யா? பலகையும் வெப்பீங்களா? இன்னா எழுதுவீங்க அதுல, தாண்டாத, தாண்டினா அபராதம்னா? எங்கள்ல எவளுக்கு நைனா படிக்க வருது. ரயில்வே கேட்டாண்ட சுத்திப் போன்றியா? கேட்டு இங்கேந்து ஒரு மைலு தெக்க கீது. போவ ஒரு மைலு, அந்தாண்ட திரும்பி வர ஒரு மைலு. அதுங்காட்டியும் மீனு கண்ணு செவந்துடும், மணலிக்காரி செவுள தூக்கி பாத்துட்டு மூஞ்ச திருப்பிக்குவா. வெள்ளக்காரன் இருந்தப்பவும் இப்டி தான் தாண்டினோம், அவன் போயி ஆறு வருசம் ஆச்சு, இன்னும் இப்டி தான் தாண்டறோம். வேலி போட்டா பிரிச்சிகினு தாண்டுவோம். கோச்சிக்காத, உள்ளத சொல்றேன்.

இரு. சத்தம் கேக்குதா? இல்ல, அது கம்பெனி சங்கு. இப்பல்லாம் எனிக்கி எல்லாமே ரயிலு மாரி கேக்குது.

இன்னா கேட்ட, ரெண்டு பக்கமும் பாத்து தாண்டக் கூடாதான்னா? இந்தா, எந்திரி. இந்தக் கூடைய உன் தலையில வெக்கறேன். பயப்படாத, சட்ட கலீஜாவாம புட்ச்சிக்கறேன். வாணாமா? சரி, வாணாம். வெச்சி பாத்தின்னா தெரியும். சும்மாடு கட்டி, ஈரக்கூட ஏறிச்சின்னா கயுத்து திரும்பாது. மீனு வயுக்கும், ஒரு பக்கமா சாய்ஞ்சிச்சின்னா மொத்தமும் கீய வுயுந்துடும். ஒடம்பையே திருப்பலாமேன்னு கேப்ப. ஜல்லி மேல வெறுங்காலோட நின்னுகினு, ஒரு கையால கூடைய புட்ச்சிகினு, திருப்பிப் பாரு, தெரியும்.

அத்தொட்டு எங்களுக்குள்ள ஒரு பயக்கம் கீது. மொதல்ல ஒருத்தி தாண்டுவா. அந்தாண்ட போயி கூடைய எறக்கி வெச்சிடுவா. எறக்கினாக்கா கயுத்து ப்ரீயாச்சில்ல? அப்பால தெக்க பாத்து, வடக்க பாத்து, ரெண்டு லைனும் காலியா கீதான்னு பாத்துட்டு, வான்னு கொரலு குடுப்பா. மத்தவளுங்க எதுவும் பாக்க மாட்டாளுங்க. கொரலு வந்தா காலு நடக்கும், அவ்ளோ தான். கொரலு குடுக்கறவ மூஞ்சிய மட்டும் பாத்துகினு நேரா வருவாளுங்க. என் மாமியா காலத்துலேர்ந்து இதான். எல்லாரையும் கொரலு குடுக்க வுட மாட்டாங்க. நெதானம் வோணும், கண்ணு நல்லா தெரியணும், பராக்கு பாக்கக் கூடாது. பன்னெண்டு வருசமா எங்க குப்பத்துக்கு கொரலுக்காரி நான் தான்.

ஆமா, இங்க தான். நீ நின்னு சுண்ணாம்பு கோடு போட்டியே, அதுக்கு நாலு அடி வடக்க. அவள ரயிலு அடிச்சி பதினெட்டு நாளு ஆச்சு. கோவிந்தம்மா பேரு. என் வூட்டுக்கு எதிர் வூடு. உன் கையில கீற காயிதத்துல அந்த கேசு தான கீது? போலீசுக்காரன் எழுதினத பாத்துட்டு நீயும் ஒண்ணு எழுதி மேல அனுப்பணுமாமே. கேட்டுல கீறவரு சொன்னாரு. அதான் காலீலேர்ந்து உன்னியே சுத்திகினு கீறேன்.

போலீசு இன்னா எழுதிகீறான்? நீ சொல்லாட்டி பரவால்ல, ஊருக்கே தெரியும். தானா வந்து வுயுந்தான்னு எழுதிகீறான். பாசஞ்சரு ட்ரைவரு சொன்னாராம், ஊதினேன் ஊதினேன், அந்த பொம்பள திரும்பக் கூட இல்ல, நேரா பாத்துகினு சிரிச்ச மூஞ்சியா நடந்து வந்துச்சின்னு. போதாக்கொறைக்கு மொத நாளு அவ புருசன் கோதண்டத்தோட வாய்ச்சண்ட. பொண்ணு கல்யாணத்துக்கு அவன் தங்கச்சி வூட்ட கூப்புட்றதா வாணாமான்னு. குப்பமே கேட்டுச்சி. எந்த வூட்ல நைனா கல்யாணத்துக்கு முன்ன சண்ட இல்ல? அதுக்காண்டி எவளாவது சாவாளா? மணலியில ஒரு புள்ளத்தாச்சி எறா கேட்டான்னு எலையில தனியா கட்டி கூடையில வெச்சிருந்தா. சாவப் போறவ அப்டி கட்டி வெப்பாளா? பஞ்சாயத்துல இத்த சொன்னேன். எறா சாட்சி சொல்லுமான்னு சிரிச்சிட்டாங்க.

அவ போனது போவட்டும். பொண்ணு கீறாளே, தேசம்மா. பதினேழு வயசு. முகத்துவாரக்குப்பத்துல பேசி முடிச்ச எடம், என் அண்ணன் வூட்டு வயி சொந்தம் தான். பையன் நல்ல பையன். இப்ப அவங்க வாணாம்ன்றாங்க. ஆத்தாக்காரி ரயில்ல வுயுந்தவ, பொண்ணுக்கும் அந்த புத்தி வராதான்றாங்க. ரெண்டு குப்பத்து ஆளுங்களும் குந்தி பேசினாங்க. ரயில்வே காயிதத்துல அவ தானா வுயுவலன்னு வந்துச்சின்னா கல்யாணம் நடக்கும், இல்லாங்காட்டி இல்லன்னுட்டாங்க. அந்த பொண்ணு சோறு துன்றதில்ல. நேத்து என் வூட்டுக்கு வந்து, அத்த, எங்கம்மா எனிக்காண்டி ஒரு நிமிசம் யோசிச்சிருக்க மாட்டாளான்னு கேக்கறா. எங்கம்மா என்னிய வுட்டுட்டு போவ எப்டி மனசு வந்திச்சின்னு கேக்கறா. நான் அடுப்ப ஊதிகினே இருந்தேன்.

ட்ரைவரு பொய் சொல்லிகீறாருன்னு எழுதச் சொல்லுவேன்னு பாக்கறியா? இல்ல. அந்தாளு சொன்னது மெய் தான். அவ திரும்பல. நேரா தான் பாத்தா. சிரிச்சிகினு தான் வந்தா. அதான் பேஜாரே.

மணி இன்னா ஆச்சி? பாசஞ்சரு வர்ற நேரமா? இன்னும் கீதா. சரி.

கேளு. அன்னிக்கு நாங்க ரெண்டு பேரு தான். அவளுக்கு குதிகால்ல கெளுத்தி முள்ளு ஏறி வீங்கி கெடந்துச்சி, நொண்டிகினு வந்தா. மத்தவளுங்க முன்னாடியே பூட்டாளுங்க. நான் தாண்டி வந்து தோ, இந்த கட்டையாண்ட தான் கூடைய எறக்கினேன். அதுங்காட்டியும் ஆர்பருக்கு போற கூட்ஸு வந்துடுச்சி, கெயக்கால லைன்ல. அவ அந்தாண்ட, நான் இந்தாண்ட, நடுவுல கூட்ஸு. நாப்பது பொட்டி இருக்கும். நீ கோடு போட்டு பாத்தியே, கூட்ஸு தெக்க போவ சொல்லோ, அந்தாண்ட நிக்கறவளுக்கு பட்டணத்துலேர்ந்து வர பாசஞ்சரு தெரியாது. பொட்டிங்க மறைச்சிக்கும். ஊதினாலும் அந்த சத்தத்துல கேக்காது. இந்தாண்ட நிக்கறவளுக்கு மட்டும் தான் தெரியும். நல்லா தெரியும். கம்பெனி பொகபோக்கி வரிக்கும் தெரியும்.

அப்போ பாத்து ராசையாவோட மாட்டு வண்டி காலியா மணலி பக்கம் போச்சி. இவ காலு நெனப்பு எனிக்கி. நாலு மைலு இந்த காலோட எப்டி நடப்பான்னு. நான் ரோட்டாண்ட ஓடி, ராசையா அண்ணே, நில்லு, நில்லுன்னு கத்தினேன். அவன் மாட்ட இழுத்து புட்ச்சான். கூட்ஸு கடசி பொட்டி போன சத்தம் காதுல வுயுந்துச்சி. ரோட்டாண்டேந்தே கைய ஆட்டினேன், வண்டி நின்னுடுச்சின்னு. அவ பாத்துட்டா. நடக்க வாணாம்னு அவளுக்கு எவ்ளோ சந்தோசம் தெரியுமா. அதான் அந்த சிரிப்பு. ரயில பாத்து இல்ல நைனா.

போலீசு என்னியும் கேட்டான். நான் வண்டியாண்ட இருந்தேன், பாக்கலன்னேன். அதுவும் பொய்யில்ல. பாக்கல. தெக்க பாக்கல, வடக்க பாக்கல. மாட்டு வண்டிய பாத்துகினே வான்னு கூப்ட்டேன்.

நீ எழுது. ஏன் நிறுத்திட்ட? மங்கை, கோவிந்தம்மாவ தாண்டச் சொல்லி கொரலு குடுத்தவன்னு எழுது. அவ தானா வரல, நான் கூப்ட்டு வந்தான்னு எழுது. ஜெயிலா? போடட்டும். கோதண்டம் என் வூட்டு வாசல்ல வந்து மண்ண வாரி தூத்துவான், தூத்தட்டும். தேசம்மா என் மூஞ்சில முயிக்க மாட்டா. அது தான், அது ஒண்ணு தான் கஷ்டம். ஆனா அவங்கம்மா அவள வுட்டுட்டு போவலன்னு தெரிஞ்சிகினு முயிக்காம இருக்கட்டும்.

அடியில கோடு போட்டு வெய்யி, வந்து கைநாட்டு வெக்கறேன். இப்ப மாட்டேன், இரு. தோ அந்தாண்ட பாரு, நாலு பேரு கூடையோட நிக்கறாளுங்க. இவளுங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இன்னிக்கும் என் கொரலுக்காண்டி தான் நிக்கறாளுங்க. பதினெட்டு நாளா வாயத் தொறந்தா அந்த ஒரு வார்த்த வர மாட்டேன்னுது. காலீலேர்ந்து நீ எண்ணினியே, அதே மாரி போயி ஒவ்வொருத்தியா கைய புட்ச்சி இட்டாந்துட்டு வந்துட்றேன், நீ மைய மட்டும் காயாம வெச்சிக்கோ.