பூஜ்யம் யூனிட் பாறைக்களம்

— அந்த ஒயர் பேச்சை மட்டும் இன்னிக்கு எடுக்காத நாகராசு. நாளைக்குக் காலையில கரண்டு சிக்கன அவார்டுக்கு டீம் வருது. பந்தல் போடணும், தோரணம் கட்டணும். தலைக்கு மேல வேலை கெடக்கு எனக்கு.

— ஒரு ராத்திரிக்குத்தான் சார். மோட்டார் ரூம்லேருந்து எங்க பாறைக்களத்துக்கு எரநூறு அடி. இப்பப் போட்டா நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இருந்தாப் போதும்.

— டேங்க் ஆப்பரேட்டர் நீ. மோட்டார் ரூம் சாவி ஒன் இடுப்புல தொங்குது. போன தடவை கிளார்க்குன்னு ஒருத்தன் இருக்கானேன்னு எங்கிட்டக் கேட்டா இழுத்த?

— கேக்கல. நீங்க மெமோ குடுத்தீங்க. அதான் இந்தத் தடவை கேட்டுட்டு இழுப்போம்னு வந்தேன்.

— மெமோவை நான் குடுக்கல. சட்டப்படி பாத்தா ஆபீஸ் குடுத்துச்சு. சரி, ஒக்காரு. ஏன் கண்ணு இப்புடிச் செவந்து கெடக்கு?

— தூங்கல சார். எங்க அண்ணனுக்கு ராத்திரி—

— தெரியும்யா. ராக்கனுக்கு இழுப்பு வந்திருக்கும். இருபது வருசம் கிரஷர்ல கல்லுமாவை முழுங்குன நெஞ்சு, அது வேற என்ன பண்ணும்? ஆஸ்பத்திரியில மூச்சு மெசின் ஒண்ணு குடுத்தாங்கள்ல?

— குடுத்தாங்க. நாலு மாசமாச்சு. கரண்டு இருந்தாத்தானே சார் ஓடும்? நான் திருட்டுத்தனமா ஒயர் இழுத்த அன்னிக்கு ஒரு ராத்திரி ஓடுச்சு. எங்க அண்ணன் மல்லாந்து படுத்து நாலு மணி நேரம் தூங்குச்சு. ரெண்டு வருசமா ஒக்காந்தேதான் தூங்கும். மறுநாள் நீங்க ஒயரைப் பிடுங்கச் சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் மதினி அந்த மெசினு மேல சேலையைப் போட்டு மூடி வச்சிருக்கு, தூசி படாம.

— அதுக்குத்தான் மின்சார ஆபீசுக்கு மனு போட்டிருக்கோமே. வரும், வரும்.

— வந்துருச்சு சார். நேத்துச் சாயங்காலத் தபால்ல. இந்தாங்க.

— நீ படிக்கலயா?

— அஞ்சு தடவை படிச்சேன். ஒங்க வாயால ஒரு தடவை கேக்கணும்.

— கண்ணாடியை எங்க வச்சேன்... ம்ம். 'பார்வையில் காணும் மனுவின் பேரில்'... சரி... 'மேற்படி பாறைக்களம் குடியிருப்பின் பதினோரு வீடுகளும் சூரிய சக்தியில் முழுத் தன்னிறைவு பெற்றவை என ஊராட்சியின் தீர்மானத்திலேயே கண்டுள்ளபடியால், புதிய மின்பாதை அமைக்க வேண்டிய அவசியம் எழவில்லை.'

— அந்தத் தீர்மானத்தை எழுதுனது யாரு சார்?

— கிராம சபை.

— எழுதுன கை யாருதுன்னு கேட்டேன்.

— நான்தான்யா எழுதினேன். ஆரோக்கியதாஸ் எழுதாம வேற எவன் எழுதுவான் இந்த ஊராட்சியில? சபை சொல்லும், கிளார்க்கு எழுதுவான்.

— அன்னிக்குச் சபைக்கு எங்க ஆளுக ஒருத்தர்கூட வரலயே சார். அம்புட்டுப் பேருக்கும் கிரஷர்ல வேலை.

— நீ என்னமோ நான் திட்டம் போட்டுக் கெடுத்த மாதிரிப் பேசுற. நடந்ததைக் கேளு. எரிசக்தித் திட்டம்னு ஒண்ணு வந்துச்சு. எந்தக் குடியிருப்புல எத்தனை யூனிட் எரியுது, தெருவெளக்கு எத்தனை, மோட்டார் எத்தனை மணி நேரம், அடுத்த அஞ்சு வருசத்துல எவ்வளவு கொறைப்பீங்க, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். பாறைக்களம்னு ஒரு கட்டம் வந்து நிக்குது. ஒங்களுக்கு மீட்டரே கெடையாது. பொறம்போக்கு, பட்டாவும் இல்ல. நான் என்னத்தப் போட? காலியா விட்டேன். அடுத்த பக்கத்துக்கே போக மாட்டேங்குது. கீரனூர் கம்ப்யூட்டர் கடைப் பொண்ணு சொல்லுச்சு, 'பூஜ்யம் போடுங்க சார், எடுத்துக்கும்'னு. போட்டேன். பச்சைக் கலர் வந்துருச்சு.

— பச்சைக் கலர் வந்துருச்சு.

— சத்தியமா அவ்வளவுதான் நான் செஞ்சது. ஒரே ஒரு பூஜ்யம். அதுலயும் பொய் இல்ல பாத்துக்க. நீங்க எரிச்சது பூஜ்யந்தானே? மறுமாசம் மேலேருந்து போன். ஜில்லாவுலயே கொறைச்சலாக் கரண்டு எரிக்கிற ஊராட்சி ஒங்களுதாம், அந்தப் பூஜ்யம் குடியிருப்பு எங்க இருக்கு, பாக்கணும்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

— இது இல்லாதபட்டவுக பூஜ்யம் சார். தெனம் சாயங்காலம் ஆறு மணிக்கு ஊருக்குள்ள நூத்தி நாப்பது தெருவெளக்குக்கும் சுவிச்சு போடுற கை இது. போட்டுட்டு, டார்ச் அடிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவேன். அதை அப்பவே சொல்லியிருக்கலாம்ல?

— சொல்லத்தான் கூட்டியாந்தேன்! நான் வாயால சொன்னா என் தப்பு ஆயிரும். அவங்க கண்ணால இருட்டைப் பாத்தா அவங்களே எழுதிக்குவாங்கன்னு, வேணும்னே பொழுது சாயுற நேரமாப் பாத்துக் கூட்டியாந்தேன். ஒங்கண்ணன் என்ன பண்ணினான்?

— அதை ஏன் சார் இப்ப?

— சொல்லு. என்ன பண்ணினான்?

— வெளக்குப் போட்டுச்சு.

— பதினோரு வீட்டுலயும்! எவனோ புண்ணியத்துக்குக் குடுத்துட்டுப் போன சோலார் வெளக்கு. ரெண்டாவது தீவாளிக்குள்ள செத்துப்போன வெளக்கு. அன்னிக்கு மட்டும் எப்புடிய்யா எரிஞ்சுச்சு?

— கிரஷர் லாரி டிரைவருககிட்டக் கெஞ்சி அஞ்சு பழைய பேட்டரி வாங்கியாந்துச்சு. ரெண்டு மணி நேரம் தாங்கும்னாங்க. வந்தவுக இருட்டுல கல்லு தடுக்கி விழுந்துறக் கூடாதுல்ல சார். எங்க பக்கம் ஆபீசருன்னு ஒருத்தர் கால் வச்சதே அன்னிக்குத்தான்.

— வந்த ஆபீசரம்மா தங்கமான அம்மா. 'ஒங்களுக்கு என்ன கொறைன்னு சொல்லுங்கய்யா'ன்னு வாய் விட்டுக் கேட்டாங்க. நான் அவங்க பின்னால நின்னு கையைக் கையைக் காட்டுறேன், சொல்லுடா சொல்லுடான்னு. 'ஒங்க புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லம்மா'ன்னுட்டான் பாவிப்பய.

— வீடு தேடி வந்தவுககிட்ட வாசல்லயே எப்புடி சார் கொறை சொல்றது? ஒக்கார வச்சு, டீத்தண்ணி குடுத்து, கெளம்புறப்பச் சொல்லிக்கலாம்னு அண்ணன் நெனச்சிருந்துச்சு. மதினி அடுப்புல தண்ணி வச்சிருச்சு. அவுக ஒக்காரவே இல்ல. போட்டோ எடுத்தாங்க, கும்பிட்டாங்க, கார் ஏறிட்டாங்க.

— கார் போகட்டும்னு நின்ன மாதிரி அரை மணி நேரத்துல வெளக்கு அணைஞ்சுருச்சு. எனக்கு ஞாபகம் இருக்கு.

— டீத்தண்ணியை நாங்களே குடிச்சோம் சார், இருட்டுல.

— அந்தப் போட்டோவை வச்சுத்தான் 'சோலார்ல தன்னிறைவு'ன்னு தீர்மானம் கேட்டாங்க, எழுதினேன். அதேதான் நாளைக்கு மேடைக்கு. ஃப்ளெக்ஸ் காலையிலதான் வந்துச்சு. பிடி, அந்த முனையைப் பிடி. எவ்வளவு பெருசா இருக்கான் பாரு ஒங்கண்ணன்.

— சிரிக்குது.

— கையில வெளக்கை வச்சுக்கிட்டுச் சிரிக்கிறான். நாளைக்கு ஸ்கூல் மைதானத்துல அவன்தான் மைக்கு முன்னால ரெண்டு வார்த்தை பேசணும்னு லிஸ்டுல போட்டிருக்கு. மூச்சு வாங்குனா ஒரு வார்த்தை போதும், நான் சமாளிச்சுக்குறேன்.

— பேசாது சார்.

— பேசாட்டி சும்மா ஒக்காந்திருக்கட்டும்.

— சார், நான் சொல்ல வந்ததே வேற—

— இரு. என்னைக் கொஞ்சம் சொல்ல விடு. இதைக் கேக்க எனக்கு ஆளே இல்ல. எனக்கு மனசு உறுத்தலன்னு நெனைக்கிறியா? ஆவூர்ல பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன்யா, ஒரு பூஜ்யம் போட்டேன் சாமின்னு. 'திருத்த முடிஞ்சாத் திருத்து'ன்னாரு சாமியார். திருத்தப் போனா, அந்தக் கட்டத்தைப் பூட்டியாச்சுன்னு வருது. மறு தீர்மானம் போடலாம்னா தலைவர் இல்ல. பதவிக்காலம் முடிஞ்சு தேர்தலும் நடக்கல. தனி அலுவலர்கிட்டப் போய் நின்னேன். 'அவார்டு முடியட்டும் ஆரோக்கியதாஸ், அப்புறம் பாத்துக்கலாம்'னாரு. அவரு கையில எத்தனை ஊராட்சி! நான் ஒருத்தன் எங்கிட்டுப் போய் முட்டிக்கிறது?

— முட்டிக்க நாங்க இருக்கோம்ல சார்.

— குத்திக் காட்டாத நாகராசு. சரி, ஒரு ராத்திரிக்குத்தானே? கீரனூர்ல ஜெனரேட்டர் எடுக்க வேண்டியதுதானே?

— விடிஞ்சதும் மொதல்ல அங்கதான் போனேன். இருந்த ஒண்ணையும் புக் பண்ணிட்டாங்களாம்.

— எவன் பண்ணினான்?

— நம்ம ஊராட்சி சார். நாளைக்கு நடுவுல கரண்டு போயிட்டா மைக்கு நின்னுறக் கூடாதுன்னு.

— மாதாவே.

— டீசல்கூட ரொப்பி வச்சிருக்காங்க. நான் பாத்தேன்.

— நான்தான்யா புக் பண்ணினேன். நேத்து, என் போன்லேருந்து... சரி. இழு. நான் பாக்கல. நீ கேக்கல, நான் சொல்லல. ஆனா காலையில ஏழு மணிக்கு ஒயர் தரையில கெடக்கக் கூடாது. சுருட்டி ரூமுக்குள்ள போட்டுப் பூட்டிரு.

— மத்தியானம் வரைக்கும் வேணும் சார்.

— அறிவிருக்கா ஒனக்கு? ஒம்பது மணிக்கு டீம் மொதல்ல பாறைக்களத்துக்குத்தான் வருது. பூஜ்யம் குடியிருப்புக்கு மோட்டார் ரூம்லேருந்து ஒயர் போறதைப் பாத்தாங்கன்னா அவார்டு போச்சு, என் வேலை போச்சு. ஒன் வேலையும் போச்சு. மூணு பொம்பளப் புள்ளைய வச்சிருக்க.

— மத்தியானம் வரைக்கும் சார்.

— சொன்னதையே சொல்லாத. ஏழுலேருந்து பன்னெண்டு. அஞ்சே அஞ்சு மணி நேரம்யா நான் கேக்குறது. வேப்ப மரத்தடியில கட்டிலைப் போட்டு ஆளுக்குக் கொஞ்ச நேரம் விசிறி விடுங்க. இத்தனை மாசம் கரண்டு இல்லாம இருந்தவன், இன்னும் அஞ்சு மணி நேரம் தாங்க மாட்டானா ராக்கன்?

— இந்த வெயில்ல தாங்காது சார். அண்ணன் விடியக்காலையிலயே போய்ச் சேந்துருச்சு. ஒயரு மெசினுக்குக் கேக்கல, ஐஸ் பொட்டிக்குக் கேக்குறேன். ராய்ப்பூர்லேருந்து மவன் வந்து மொகம் பாக்குற வரைக்குமாவது கெடாம இருக்கணும்ல.