அவரோட கடைசி ஆல்பம்

வாஃபிள் மாவில் ஏலக்காயை நான் கொஞ்சம் தாராளமாகவே போடுவேன். என் கணவர் ஒட்வாருக்குப் பிடிக்கும் என்பதற்காகப் போடுகிறேன் என்று பெர்கன் ஊர் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் எனக்குத்தான் பிடிக்கும். இன்னொன்று எடுத்துக்கொள்ளுங்கள், தோருன். பழுப்புச் சீஸை மெலிதாகச் சீவி வைத்திருக்கிறேன். காவல் நிலையத்தில் உங்களுக்கு இதெல்லாம் யார் தரப்போகிறார்கள்?

விபத்து என்று எழுதிக் கோப்பை மூடியாகிவிட்டது, இனி தொந்தரவு இருக்காது என்று சொல்லத்தான் வந்தீர்கள். கூடவே, உங்கள் அம்மாவுக்காக ஆல்பத்தின் உறையில் என் கையெழுத்து வேண்டும் என்றீர்கள். போடுகிறேன். அதற்கு முன்னால் உறையைத் திருப்பிப் பாருங்கள். பாடல்கள், இசை, கிடார், குரல், எல்லாம் ஒட்வார். அடியில், எறும்பு மாதிரி எழுத்தில், 'காப்பி: எலினோர்.' என் பெயர் எல்லினோர். கல்யாணமான காலத்திலிருந்து வந்த எல்லா உறைகளிலும் ஓர் எழுத்தை விட்டுவிட்டுத்தான் அச்சடிக்கிறார்கள். நான் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. குறை சொல்கிற சுபாவம் எனக்குக் கிடையாது.

பாட்டு எழுதும்போது ஒட்வார் வரிகளைச் சுற்றி வளைத்துத்தான் எழுதுவார். அவற்றை நேராக்கியது நான். காப்பியை வைக்கும்போது, 'இந்த இடத்துல வளையாம நேராப் போயேன்' என்பேன். போவார். ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். காப்பி நன்றாக இருந்தது என்பார் அவர்.

இந்த ஆல்பத்தை அவர் பதிவு செய்தது மே மாதத்தில். பிர்ச் மரங்கள் பூத்து மகரந்தம் காற்றில் பறக்கிற காலம். அவருக்கு அது ஆகாது. மூக்கு அடைத்து, தொண்டை கரகரத்து, ஒவ்வொரு வரிக்கும் நடுவில் மூச்சுக்குத் திணறிக்கொண்டு பாடினார். 'படகைக் கரையேற்றியாச்சு' என்ற பாட்டு, குளிர்காலத்துக்கு முன்னால் படகைக் கரையேற்றி அடிப்பாகத்துக்கு வண்ணம் பூசுவதைப் பற்றியது. 'ஒரே ஒரு கோப்பை' என்பது நான் பல் வைத்தியரிடம் போயிருந்த காலையில் அவர் தனியாகக் காப்பி குடித்ததைப் பற்றியது. அதன் கடைசிச் சரணத்துக்கு முன்னால் நீண்ட மௌனம் ஒன்று வருமே, அது அவர் கைக்குட்டையைத் தேடிய நேரம். ஒலிப்பதிவு செய்தவர் அதை வெட்ட மறந்துவிட்டார்.

இலையுதிர் காலத்தில் ஆல்பம் வெளிவந்தது. பத்திரிகையில் பகடை போட்டார்கள். மூன்று.

பிற நாடுகளில் நட்சத்திரம் கொடுப்பார்களாம். இங்கே பாட்டாக இருந்தாலும் பன்றித் தொத்திறைச்சியாக இருந்தாலும் பகடைதான். ஒன்று என்றால் குப்பை, ஆறு என்றால் கும்பிடு. மூன்று என்றால் ஒன்றுமே இல்லை. திட்டியாவது தொலைக்கலாமே. 'முதிய குரல், முதிய நகைச்சுவை, படகு வைத்திருப்பவர்களுக்குப் பிடிக்கலாம்' என்று விமர்சகர் எஸ்கில் எழுதியிருந்தார். முளைத்துக்கொண்டிருக்கும் தாடி, வட்டக் கண்ணாடி, எதைக் கேட்டாலும் அதில் வேறெதையோ கேட்கிற காது. பார்த்திருப்பீர்கள்.

ஒட்வார் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "மூணுன்னா என்ன, ஆறுல பாதி. பாதிப் பேருக்காவது பிடிச்சிருக்கு எல்லினோர். எங்க அப்பாவுக்கு என்னைப் பாதிகூடப் பிடிக்காது" என்றார். சொல்லிவிட்டுப் படகுக்கு வண்ணம் பூசப் போய்விட்டார். ஆனால் உள்ளுக்குள் அவர் நொறுங்கிப்போனார். எனக்குத் தெரியும். இரண்டு இரவு தூக்கமே வரவில்லை. எனக்குத்தான் வரவில்லை, ஆனால் அவருக்காக.

மனசாட்சி உறுத்தியதோ என்னவோ, எஸ்கில் ஒரு பேட்டிக்காக வீட்டுக்கு வந்தார். ஒட்வார் கடைக்குப் போயிருந்தார். இதே மேசை, இதே வாஃபிள். பேசிக்கொண்டே நான் அலமாரியிலிருந்து ஆல்பத்தை எடுத்துக் காட்டி, "இதுதான் அவரோட கடைசி ஆல்பம்" என்றேன்.

நம் மொழியில், இதுவரை வந்ததில் ஆகக் கடைசி என்பதற்கும், இதற்குமேல் வேறு வரவே போவதில்லை என்பதற்கும் ஒரே சொல்தான் இருக்கிறது. நான் சொன்னது முதலாவதை. எஸ்கில் வாஃபிளைத் தட்டில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எப்பத்திலேருந்து உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

ஒரு வார்த்தையில் திருத்தியிருக்கலாம். "மே மாசத்துலேருந்து" என்றேன். அது பொய் இல்லை. மே மாதத்தில்தான் பதிவு நடந்தது. பிறகு அவருக்கு இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராபெரி ஜாம் வைத்தேன்.

சனிக்கிழமைப் பத்திரிகையில் அதே ஆல்பத்துக்கு மறுபடி பகடை போட்டார்கள். ஆறு. ஆல்பம் மாறவில்லை, எஸ்கிலின் காதும் மாறவில்லை. பாடுகிறவர் சாகப்போகிறார் என்று தெரிந்ததும் பகடைக்கு மூன்று புள்ளி கூடிவிட்டது. படகு என்றால் உடலாம். வண்ணம் என்றால் நினைவுகளாம். காலியாக இருக்கும் இரண்டாவது நாற்காலியில் மரணம் உட்கார்ந்திருக்கிறதாம். நான் பல் வைத்தியரிடம் போன காலைக்கு இவ்வளவு ஆழம் உண்டு என்று எனக்கே தெரியாது.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் ஜனங்கள் பேருந்தில் பக்கத்து இருக்கையில்கூட உட்காரமாட்டார்கள், ஆனால் சாகப்போகிறவர் என்றால் கட்டிப்பிடித்துவிடுகிறார்கள். கடையில் உருளைக்கிழங்குக் கூடைக்கு முன்னால் ஒரு பெண்மணி ஒட்வாரின் தோளில் சாய்ந்து அழுதாள். எங்கள் வாசற்படியில் தினமும் மீன் கூழும் ஆட்டுக்கறிக் குழம்பும் மூடி போட்ட பாத்திரங்களில் வந்து இறங்கின. கச்சேரிகளில் இடம் இல்லை. அந்த மௌனம் வரும்போது அரங்கமே மூச்சை அடக்கிக்கொள்ளும். ஒட்வாருக்கு அப்போது மூக்கு நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் மேடையில் கைக்குட்டையைத் தேடச் சொல்லிக் கொடுத்திருந்தேன். தேடுவார். முன் வரிசையில் விசும்பல் கேட்கும்.

முதலில் அவருக்கு இது வேடிக்கையாக இருந்தது. "எனக்கு என்ன வியாதின்னு யாராவது சொன்னீங்கன்னா நல்லாருக்கும். கேக்கறவங்ககிட்ட ஆளுக்கு ஒண்ணாச் சொல்லிட்டிருக்கேன்" என்பார். அந்தக் குளிர்காலம் எங்கள் வாழ்க்கையிலேயே இனிமையான காலம், தோருன். ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் என் கையைப் பிடித்து, "பாவம், நீங்க எப்படித்தான் தாங்கிக்கிறீங்களோ" என்பார்கள். அதுவரை என்னிடம் கழிவறை எந்தப் பக்கம் என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒட்வாருக்கு நன்றியுணர்ச்சி போதாது. பிப்ரவரியில் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அற்புதமாக ஆறிவிட்டது. ஓடினார், பனிச்சறுக்குக்குப் போனார், மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவினார். சாகப்போகிற மனிதர் செய்கிற காரியமா? ஒருநாள் சமையலறையில் அக்கார்டியனோடு வந்து நின்றார்.

"புது ஆல்பம். 'புது முழங்கால்'னு பேரு. எல்லாமே குஷியான பாட்டு."

"சும்மா இரு கிழவா. அழுதவங்களுக்கெல்லாம் என்ன பதில் சொல்றது?"

"அழுதது அழுததுதான். திருப்பியா கேக்கப்போறாங்க?"

"மறுபடி மூணு போடுவாங்க."

"ரெண்டு போட்டாலும் சந்தோஷம்தான். உயிரோட இருக்கேன்னு தெரிஞ்சா போதும் எனக்கு" என்று சொல்லிவிட்டு முதல் பாட்டைப் பாடினார். அது என்னைப் பற்றியது. நான் மாவு கலக்கும்போது முணுமுணுப்பது, ஏலக்காயை அள்ளிப் போடுவது, எல்லாம் அதில் இருந்தது. எனக்குத்தான் ஏலக்காய் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பெயரையும் முழுதாகப் பாடினார். பாட்டு என்னவோ சுமார்தான். நான்கு போடலாம். மூன்றாவது வரி தேவையில்லாமல் வளைந்தது. சொன்னேன். "வளையட்டுமே எல்லினோர், எனக்கு அப்படித்தான் பிடிச்சிருக்கு" என்றார். முதல்முறையாக.

அவர் தாங்கியிருக்கமாட்டார். அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஆறிலிருந்து நான்குக்கு இறங்குவது ஒரு கலைஞனுக்கு மரணத்தைவிடக் கொடுமை. அதோடு, ஏமாந்தவர்கள் என்ன ஆவார்கள்? நோயில் கிடக்கிற தன் கணவருக்கு தினமும் இரவு இந்த ஆல்பத்தைப் போட்டுக்காட்டுவதாக ஒருத்தி எழுதியிருந்தாள். அவளிடம் போய், அம்மா, அது மகரந்தம் என்று சொல்ல முடியுமா?

ஈஸ்டர் விடுமுறைக்கு எப்போதும்போல மலைக்குடிலுக்குப் போனோம். எஸ்கில் ஏரிக்கு அந்தக் கரையில் இருக்கிற விடுதியில் தங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை காலை வந்து சந்திக்கிறேன், பெரிய செய்தி ஒன்று இருக்கிறது என்று ஒட்வார் அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். புது ஆல்பம்தான் அந்தச் செய்தி. சாவு என்றே எஸ்கில் நினைத்தார். அந்த அளவுக்கு அவர் கணிப்பு சரி.

ஏரிக்கு மேலே உறைந்த பனியில் வழி காட்ட, மலைப்பாதைகளைப் பார்த்துக்கொள்கிற ஆஸ்மண்ட் ஆண்டுதோறும் பிர்ச் குச்சிகளை நட்டு வைப்பது உங்களுக்குத் தெரியும். நம் ஆட்கள் கடவுளை நம்புவதில் முன்னேபின்னே இருப்பார்கள், குச்சியை நம்புவதில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. ஏரியிலிருந்து ஆறு வெளியேறுகிற மூலையில் அடியில் நீரோட்டம் இருப்பதால் பனிக்கட்டி மெலிந்திருக்கும். அதனால் ஆஸ்மண்டின் வழி அங்கே பெரிதாக வளைந்து, சுற்றிக்கொண்டு போகும்.

விடிந்தபோது கை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. ஒட்வார் மெதுவாக எழுந்திருப்பவர். நான் எப்போதும் அவருக்கு முன்னால் எழுந்து கொஞ்ச தூரம் சறுக்கிவிட்டு வருவேன். அன்றும் போனேன். வளைவில் இருந்த குச்சிகளை எடுத்து நேர்கோட்டில் நட்டேன். அவ்வளவுதான். அந்த மூடுபனியில் வேறு யாரும் வெளியே வரமாட்டார்கள் என்பதை உறுதிசெய்துகொண்டுதான் செய்தேன். நான் பொறுப்பில்லாதவள் அல்ல. கடைசிக் குச்சியைக்கூட கெட்டியான பனிக்கட்டியில்தான் நட்டேன். அதற்கப்பால் போனது அவராகவே.

அவருடைய பைக்குள் ஆரஞ்சுப் பழமும் சாக்லேட்டும் வைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்று தேடினார். அது என் ஏப்ரன் பையில் இருந்தது. "பரவால்ல விடு, குச்சி இருக்கே" என்றார். நெற்றியில் முத்தம் கொடுத்தார். நல்ல மனிதர், தோருன். நான் வேறு யாரையும் நேசித்ததே இல்லை.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மூடுபனிக்குள்ளிருந்து 'புது முழங்கால்' ஆல்பத்துப் பாட்டு ஒன்று வந்தது. முதல் சரணம், இரண்டாவது சரணம். பிறகு மௌனம். ஆல்பத்தில் இருப்பதைவிட அது நன்றாக அமைந்தது. இந்த முறை அவர் எதையும் தேடவில்லை.

நான் போய்க் குச்சிகளை எடுத்துப் பழையபடி வளைவிலேயே நட்டுவிட்டு வந்தேன். ஆஸ்மண்ட் மேல் பழி வந்துவிடக் கூடாது. மனிதர் தன் வேலையில் அக்கறை உள்ளவர்.

காப்பியைத் தொடவே இல்லையே நீங்கள். ஆறிவிட்டதா? வேறு போட்டுத் தருகிறேன்.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றுதானே பார்க்கிறீர்கள். கோப்பை மூடிவிட்டீர்கள், நினைவுப் பதிப்புக்கு எல்லாப் பத்திரிகைகளும் ஆறு போட்டுவிட்டன, நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் எஸ்கில் ஒரு புத்தகம் எழுதுகிறார். கடைசி அத்தியாயத்தை மரியாதைக்காக எனக்கு அனுப்பியிருந்தார். நேற்று படித்தேன். ஒட்வாருக்கு அந்த ஏரி உள்ளங்கை மாதிரித் தெரியுமாம். குச்சிகள் வளைந்து போன இடத்தில் அவர் வேண்டுமென்றேதான் நேராகப் போனாராம். தன் முடிவைத் தானே இயற்றினாராம். 'அவர் எழுதியதிலேயே மிகச் சிறந்த வரி பனியின் மேல் எழுதிய அந்த நேர்கோடுதான்' என்று முடித்திருக்கிறார்.

அந்தப் பக்கத்தில் என்னைப் பற்றியும் இருக்கிறது. குடிலில் அவருடைய மனைவி காப்பி போட்டுக்கொண்டிருந்தாராம்.

நான் செய்ததெல்லாம் அவருக்காகவும் அவருடைய ரசிகர்களுக்காகவும்தான். எனக்கென்று எதுவும் கேட்டதில்லை. இப்போதும் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். பேனாவை எடுங்கள், தோருன். அந்த நேர்கோடு என்னுடையது. வாக்குமூலத்துக்குக் கீழே பெயர் போடும்போது கவனமாகப் போடுங்கள். எல்லினோர். 'ல்', 'லி', இரண்டு எழுத்தும் வர வேண்டும்.