பூசணிக்குக் கட்டின சேலை

விஷயத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதை சொல்றேன் தாய்மார்களே... பின்னாடி நிக்கிற அண்ணன்மாரும் உக்காருங்க. நின்னுக்கிட்டே கேட்டா சின்னக் கதையும் பெருசாத் தெரியும்.

உறையூர்ல ஒரு நாலு மாடிக் குடியிருப்பு. அதுல அமிர்தவல்லின்னு ஒரு அம்மா. அவங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை முந்நூறைத் தாண்டிருச்சு. இப்படியே போனா காலையே எடுக்க வேண்டி வரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்தம்மா ஆடிப் போயிட்டாங்க. இனிமே மருந்தடிச்ச காய் வீட்டுக்குள்ள வராது, என் கையால விளைஞ்சதைத்தான் அவருக்கு ஆக்கிப் போடுவேன்னு ஒரு வைராக்கியம். மொட்டை மாடியில ஓட்டை வாளி, பெயிண்ட் டப்பா, அரிசிச் சாக்கு... எல்லாத்துலயும் மண்ணு. காய்கறித் தோலு உரமாச்சு. அரிசி கழுவுன தண்ணி செடிக்குப் போச்சு. கீரை வந்துச்சு, கத்தரி வந்துச்சு. ஆனா அவங்க உசுரை வெச்சிருந்தது பூசணிக்கொடி மேல. அவருக்குப் பூசணிக்காய் மோர்க்குழம்புன்னா அப்படி ஒரு பிரியம்.

கொடி பூத்துச்சு. பிஞ்சு வெச்சுச்சு. ரெண்டு பிஞ்சு மஞ்சளாகி விழுந்துருச்சு. முதல் பிஞ்சு ஒண்ணு ரெண்டு உதிர்றது செடிக்கு வழக்கம்தான். ஆனா நாம அப்படியா நினைப்போம்? நம்மகிட்ட ஒரே பதில்தானே இருக்கு... கண்ணு பட்டுருச்சு.

யாரு கண்ணு? எதிர்வீட்டு மரகதம். அம்பது வயசு. புருஷன் இல்ல, பிள்ளை இல்ல. தினம் காலையில துணி காயப்போட மாடிக்கு வருவாங்க. கொடிகிட்ட ஒரு நிமிசம் நின்னு பார்த்துட்டுப் போவாங்க. அவங்க செஞ்ச குத்தம் அவ்வளவுதான்.

அமிர்தவல்லி என்ன செஞ்சாங்க தெரியுமா? ஒரு பழைய சேலையை எடுத்துக் கொடியைச் சுத்தி மறைப்புக் கட்டிட்டாங்க. ஊரெல்லாம் வீட்டுக்குக் கண்ணு படக்கூடாதுன்னு பூசணிக்காயைக் கட்டுது... இந்தம்மா பூசணிக்காய்க்கே கண்ணு படக்கூடாதுன்னு சேலையைக் கட்டுறாங்க. சிரிக்காதீங்க, நம்ம வீட்டுலயும் நடக்குறதுதான்.

சேலை கட்டுனப்புறம் என்னாச்சு? எல்லாப் பிஞ்சும் விழுந்துச்சு. ஒண்ணு கூட நிக்கல. அந்தம்மாவுக்கு ஆத்திரம். மாடிப்படியில நின்னு, மரகதம் காதுல விழற மாதிரியே, "பிள்ளை பெறாத கண்ணு, துணியைத் துளைச்சுக்கிட்டுப் போகுது"ன்னு சொல்லிட்டாங்க.

மரகதம் ஈரத்துணி வாளியோட திரும்பிக் கீழே போயிட்டாங்க. அன்னையிலேர்ந்து துணி வீட்டுக்குள்ளயே காயுது.

பங்குனி மாசம். அமிர்தவல்லியோட நாத்தனாருக்குத் திடீர்னு ஆபரேஷன். புருஷனும் பொண்டாட்டியும் அவசரமா மதுரைக்குக் கிளம்பிட்டாங்க. பத்து நாள். கொளுத்துற வெயில். செடிக்குத் தண்ணி ஊத்த யாருகிட்டயும் சொல்லல. அவ்வளவும் கருகியிருக்கும்னு பஸ்ஸுல வரும்போதே அழுதுட்டு வந்தாங்க.

வந்ததும் நேரா மாடிக்கு ஓடுறாங்க. செடி பச்சைப்பசேல்னு நிக்குது. சேலையைக் காணோம்... மடிச்சுச் சுவர் மேல வெச்சு, பறக்காம ஒரு கல்லு வெச்சிருக்கு. கொடியில மூணு காய். கைப்பிடி அளவு, மேலெல்லாம் பூனை முடி. பூவுல தேனீ ஊர்ந்துக்கிட்டு இருக்கு.

கீழே போய் மரகதம் கதவைத் தட்டுறாங்க. "அக்கா... நீங்களா தண்ணி ஊத்துனீங்க?"

"ஆமா வல்லி. மூடி வெச்சா தேனீ எப்படி உள்ள வரும்? தேனீ வராம காய் எப்படி நிக்கும்? அதான் சேலையை அவுத்தேன்." அப்புறம் மெதுவாச் சொன்னாங்க: "பார்க்காமலே ஊத்தணும்னுதான் நினைச்சேன்... பார்க்காம எப்படிம்மா தண்ணி ஊத்துறது?"

அமிர்தவல்லி வாசப்படியிலயே உக்காந்து அழுதாங்க. அடுத்த மாசம் முதல் காயை மரகதம் கையாலதான் அறுக்கச் சொன்னாங்க. மோர்க்குழம்பு மூணு பேருக்கும் சேர்த்துக் கொதிச்சுச்சு. வீட்டுக்காரரு ரெண்டாவது கரண்டி கேட்டாராம். சோறு இல்ல, காய்தான்... பயப்படாதீங்க.

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? வீட்டுல தோட்டம் போடுங்க, நல்ல சாப்பாடு ஆக்குங்கன்னு சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. போடுங்க, ஆக்குங்க. ஆனா நம்ம வீடு நல்லா இருக்கணுங்கிற பயத்துல அடுத்த மனுசங்களுக்குத் திரை போட்டுறாதீங்க. கண்ணு வர்ற வழின்னு நாம அடைக்கிறதுலதான் நல்லதும் வருது. உங்க மாடிப்படியிலயும் ஒரு மரகதம் ஈரத்துணியோட திரும்பிப் போயிருக்கலாம். நாளைக்குக் காலையில போய் அந்தக் கதவைத் தட்டுங்க.

கண்ணு பட்டு வாடுன செடியை நான் பார்த்ததில்ல. ஏறிட்டுப் பார்க்க ஒரு ஆளு இல்லாம வாடுன மனுசங்களை நிறைய பார்த்திருக்கேன்.